ஏற்றத்தில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஏறுகிறவர்கள் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி வரும்போதும் அப்படித்தான். மலை ஏறுவதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஓட்டிய கியர் இல்லாத சைக்கிள் வீட்டில் இருக்கிறது. அதில் ஏற்காடு போக ஆசை. அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே கால் நின்றுவிடுகிறது. எனக்குத் தெம்பு போதவில்லையா?
– கல்லூரி மாணவர், சேலம்

தெம்பெல்லாம் போதும் தம்பி, பல் கணக்குதான் இடிக்கிறது. உங்கள் சைக்கிளில் செயின் வீலுக்கு 44 பல், பின்னால் ஃப்ரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். சமதரையில் இது சுகம். ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், நிமிடத்துக்கு 18, 19 சுற்றுதான் வரும். ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. பெடல் ஒன்று உச்சியிலும் மற்றது அடியிலும் நிற்கிற இடத்தில் கால் எவ்வளவு அழுத்தினாலும் வேலைக்கு ஆகாது. வேகமாகச் சுற்றும்போது வண்டியின் ஓட்டமே அந்த இடத்தைக் கடத்திவிடும். இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது கடத்தாது. நீங்கள் நின்றுபோவது அங்கேதான்.

முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் இதே 6 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிட்டத்தட்ட 48 சுற்று வரும். கால் அதேதான், மலையும் அதேதான். ஒவ்வொரு மிதியிலும் தாங்க வேண்டிய பளு பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

இருக்கிற வண்டியிலேயே போக வேண்டுமானால் ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாற்றுங்கள். செயினில் சில கண்ணி சேர்க்க வேண்டி வரும், செலவு பெரிதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பளு இறங்கும். அப்போதும் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

புதிது வாங்குவதாக இருந்தால் '21 கியர்', '27 கியர்' என்று சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். முன்னால் இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரம், பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரம், இந்த இரண்டை மட்டும் எண்ணுங்கள். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அந்த வண்டி மலைக்கு ஆகும். கடையில் நின்று பல் எண்ணக் கூச்சப்பட வேண்டாம். என் கடையில் எண்ணிப் பார்த்து வாங்குகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோத்தகிரி ஏற்றத்தில் குஞ்சப்பனை வரைக்கும் நன்றாகப் போகிறேன். அதற்கு மேல் நெஞ்சு படபடக்கிறது, கால் இழுக்கிறது. தினமும் சமதரையில் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவன் நான்.
– ஐ.டி. ஊழியர், கோவை

'நன்றாகப் போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். 33 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். அவ்வளவையும் அந்த உயரத்துக்குத் தூக்க 120 வாட் சக்தியில் இடைவிடாமல் மிதித்தால் 2 மணி 45 நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்றும் டயர் உராய்வும் தின்பதைச் சேர்த்தால் மூன்றேகால் மணி நேரம். பயிற்சி பெற்ற பந்தயக்காரர் இல்லாத ஒரு ஆரோக்கியமான ஆளுக்கு இது கௌரவமான நேரம். மூன்று மணி நேர வேலை என்று தெரிந்தால், முதல் அரை மணி நேரத்தில் 200 வாட் போடுவீர்களா?

அடிவாரத்தில் கால் புதிது, காலைக் காற்றும் குளிர்ச்சி. அதனால் வேகம் தானாக ஏறிவிடும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். 'ஆமா', 'இல்ல' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம், உடனே கியரைக் குறையுங்கள். தனியாகப் போகிறீர்களா? வாய்விட்டுப் பாட்டு முணுமுணுங்கள், அதே கணக்குதான்.

சமதரையில் கால் ஓய்கிற கணங்கள் நிறைய உண்டு. சிக்னல், சின்ன இறக்கம், மிதிக்காமல் உருளுகிற நேரம். மலையில் மிதிப்பதை விட்டால் அடுத்த நொடி வண்டி நின்றுவிடும். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கும் இடைவெளி இல்லாமல் மிதித்துப் பழக்கம் இருக்காது. வாரம் ஒருநாள் மருதமலை அடிவாரச் சாலையிலோ பெரிய மேம்பாலத்திலோ ஏறி ஏறிப் பழகுங்கள்.

சாப்பாடும் முக்கியம். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் மலையில் அது பிந்திய சாப்பாடு. அரை மணிக்கு ஒருமுறை பாதி வாழைப்பழமோ ஒரு கடலை மிட்டாயோ. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், கேட்கும் முன்பே இரண்டு மடக்கு.

கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏற வேண்டும். வளைவில் எழுந்து நின்று மிதிப்பதா, உட்கார்ந்தா?
– வாசகர், ராசிபுரம்

எல்லா வளைவும் ஒன்றில்லை. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம் நமக்கு வரும். தூரம் குறைவு, ஏறும் உயரம் அதே அளவு, ஆகவே மிகச் செங்குத்து. வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்கு. அங்கே சாய்வு தணிந்திருக்கும், மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இடது வளைவு கண்ணில் பட்டதுமே, இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். செங்குத்தில் முழு பளுவோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று பல்லில் ஏறாமல் தவிக்கும். சில நேரம் கழன்றே விழும். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், 'டக்' என்று உட்காரும். பின்னால் வண்டி இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்தபின், உள்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் விலகிப் போனாலே சாய்வு குறைவதைக் காலில் உணரலாம்.

உட்கார்ந்தே மிதிப்பதுதான் பெரும்பாலான நேரத்துக்கு நல்லது. எழுந்து நின்றால் அழுத்தம் கூடும், கூடவே இதயத்துடிப்பும் எகிறும். உள்வளைவின் அந்தச் சில மீட்டருக்கு எழலாம், இடுப்பு மரத்துப்போனால் எழலாம். எழும்போது சைக்கிள் ஒரு நொடி பின்வாங்கும், பின்னால் நண்பர் ஒட்டி வந்தால் சொல்லிவிட்டு எழுங்கள்.

பேருந்து வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் விதியை நம்பி வளைவுக்குள் தலையை நீட்டாதீர்கள்.

எனக்கு வயது 46. ஏற்றத்தில் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சைக்கிளை விட்டுவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

விடாதீர்கள் அம்மா. முதலில் சீட்டைப் பாருங்கள். கடைக்கு வரும் பலரின் சீட் தாழ்ந்துதான் இருக்கிறது, நிற்கும்போது கால் தரையில் முழுசாகப் பட வேண்டும் என்று இறக்கிவிடுகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வைத்து அடிவரைக்கும் சுற்றுங்கள். அங்கே கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தாலும் பெரிய கியரில் மெதுவாக மிதித்தாலும் பளு முட்டிச் சில்லின் மேல்தான் விழும். சீட்டை ஒரேயடியாக உயர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள், நிமிடத்துக்கு 60, 70 சுற்று வருகிற கியரில் ஓட்டுங்கள். வீக்கம் இருந்தாலோ படி இறங்கும்போதும் வலித்தாலோ மருத்துவரைப் பார்த்த பிறகு மலைக்கு வாருங்கள்.

13 கிலோ சைக்கிளை விற்றுவிட்டு 9 கிலோ சைக்கிள் வாங்கினால் ஏற்றம் எளிதாகுமா?
– வாசகர், சென்னை

மேலே சொன்ன 85 கிலோவில் 4 கிலோ குறையும். மூன்றேகால் மணி நேரத்தில் ஒன்பது, பத்து நிமிடம் மிச்சம். அதற்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்குக்குப் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியைப் பெரிதாக மாற்றினால் கிடைக்கும் நிம்மதி அதிகம்.

கியர் போட்டு ஏறுவதும், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவதும் ஏறியதாகுமா? நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1937 வரைக்கும் செயினை மாற்றும் கியருக்கு அனுமதி இல்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் இருக்கும். மலை அடிவாரத்தில் நின்று சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். 1910-ல் பிரெனே மலைத்தொடர் முதல்முறை போட்டிப் பாதையில் சேர்ந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை முதலில் கடந்த ஆக்டேவ் லாபிஸ், வழியில் சில இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். அந்த ஆண்டு போட்டியையே வென்றவரும் அவர்தான். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் பயம். பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரப்பர் கருகிய வாடை வருகிறது.
– ஆசிரியை, குன்னூர்

பயம் நியாயமானது. மூன்று மணி நேரம் கால் செலவழித்ததில் கணிசமான பங்கு இறக்கத்தில் பிரேக்கில் சூடாக வெளியே வருகிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் ஆற நேரமே கிடைக்காது. உள்ளே டியூப் வெடித்துப்போவதும் உண்டு. நேர்ப்பாதையில் வேகம் கூடும்போது இரண்டு பிரேக்கையும் சில நொடி உறுதியாகப் பிடியுங்கள், பிறகு முழுசாக விடுங்கள். மறுபடி பிடியுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தக் கூடாது, ஈரமாக இருந்தால் அறவே கூடாது. வாடை வந்தால் நில்லுங்கள். குன்னூரிலிருந்து கல்லாறு வரையிலான 14 வளைவுகளில் பர்லியார் போல நிற்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ரிம்மைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். கிளம்பும் முன் பிரேக் கட்டையில் கோடுகள் இன்னும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் மேலேயே மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.