கரண்ட் பல்பில் தீர்ந்துபோகுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இயற்பியல் என் பாடம். இப்போது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். அங்கே ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. "நீங்க சின்னப் பிள்ளைங்க, நீங்களே யூஸ் பண்ணுங்க" என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள்.

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் எடுத்தேன். இரவெல்லாம் உட்கார்ந்து பிபிடி தயாரித்தேன். அனிமேஷன், இரண்டு வீடியோ, கடைசியில் வினாடி வினா என்று எல்லாம் வைத்தேன். பிள்ளைகள் சத்தமே போடாமல் பார்த்தார்கள். பார்வையிட வந்த பேராசிரியரும் பாராட்டினார். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் எழுந்து, "டீச்சர், பேட்டரியிலேர்ந்து வர்ற கரண்ட் பல்பு எரிஞ்சதும் தீர்ந்துடும்ல? அப்புறம் எதுக்கு இன்னொரு ஒயரு திரும்பிப் போகுது?" என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதே பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை இருக்கிறார். ஸ்மார்ட் போர்டைத் தொடுவதே இல்லை, சாக்பீஸ்தான். ஆனால் அவர் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தெரிகிறது. "டெக்னாலஜியெல்லாம் ஆப்ல என்ட்ரி போடறதுக்குத்தாம்மா" என்பார். என் தோழிகளோ லெசன் பிளானையே சாட்ஜிபிடியில் வாங்கி ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள். நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் ஐயா? அந்த ஆசிரியையைப் போல் ஆவதா, போர்டைப் பழகுவதா?

க.

*

அன்புள்ள க.,

பேராசிரியரின் பாராட்டை விட அந்தப் பையனின் கேள்விதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய வரவு. மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடும் என்ற எண்ணம் அவனுக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுக்க வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பட்டம் வாங்கிய பிறகும் பலருக்கு இது போவதில்லை. அடுப்பில் விறகு தீர்கிறது, வண்டியில் பெட்ரோல் தீர்கிறது, மாதக் கடைசியில் மின்கட்டணமும் வருகிறது. கரண்டும் தீர்ந்துதானே போகவேண்டும்? அவன் தன் அனுபவத்தை வைத்து ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறான். பல்பில் மாறுவது ஆற்றல், மின்னூட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது என்பதை அவனாகக் கண்டுகொள்ள ஒரு வழி வேண்டும்.

உங்கள் பிபிடியில் அந்த வழி இல்லை. வரையறை இருந்திருக்கும், ஓம் விதி இருந்திருக்கும், நீலப் புள்ளிகள் கம்பிக்குள் ஓடியிருக்கும். ஆனால் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பதை வெளியே கொண்டுவரும் இடம் அதில் ஒன்றுகூட இருந்திருக்காது. அவர்கள் சத்தம் போடாமல் பார்த்ததை நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் கருவியை வகுப்புக்குள் எடுத்துப்போனாலும், இது என் பிள்ளைகளின் மனதில் இருப்பதை எனக்குச் சொல்லுமா என்று கேட்டுப்பாருங்கள். என் பதில் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

மின்னோட்டவியலையே எடுத்துக்கொள்வோம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது கணினித் திரையிலேயே சோதனை செய்துபார்க்கும் மென்பொருள்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2001இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் மறுவருடம் தொடங்கியது. இலவசம். ஒருமுறை தரவிறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நாளிலும் ஓடும். அதில் மின்சுற்று கட்டும் பகுதியைத் திறந்து 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 10 ஓம் பல்பு இரண்டு, எல்லாவற்றையும் தொடர் இணைப்பில் போடுங்கள். சுவிட்சைத் திறந்தே வையுங்கள். இப்போது கேளுங்கள்: "சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு அதிகம் எரியும்? முதல் பல்பா, இரண்டாவதா, ரெண்டும் சமமா?"

கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் விடையை எழுதட்டும், காரணத்தோடு. பிறகு பக்கத்துப் பிள்ளையோடு வாதாடட்டும். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள். முதல் பல்புதான் என்று பலர் சொல்வார்கள், கரண்ட் அங்கேதானே முதலில் போகிறது. இந்த வாதம் நடந்து முடிந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். இரண்டும் சமமாக எரியும். அம்மீட்டரை மின்கலத்துக்குப் பக்கத்தில், இரண்டு பல்புக்கும் நடுவில், திரும்பி வரும் கம்பியில் என்று மூன்று இடத்திலும் வைத்துக் காட்டுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர். அந்த எண் மாறவில்லை என்பதை எதிர்பார்ப்போடு பார்க்கும் பிள்ளைக்கும், சும்மா பார்க்கும் பிள்ளைக்கும் மலையளவு வித்தியாசம். நீங்கள் காட்டிய வீடியோவில் இதே காட்சி இருந்திருக்கலாம். ஆனால் பார்க்கும் முன் யாரும் எதன்மீதும் பந்தயம் கட்டவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த சிமுலேஷன் முதலில் எலக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்டும். பாடநூலில் மின்னோட்டத்தின் திசை அதற்கு எதிராக, நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். எதைக் காட்டப்போகிறீர்கள் என்று முதல்நாளே முடிவு செய்து அமைப்பை மாற்றிவிடுங்கள். வகுப்பில் வந்து திசைக் குழப்பத்தைத் தீர்க்க உட்கார்ந்தால் பாடம் போய்விடும்.

திரையோடு விடவும் கூடாது. டார்ச் பல்பு இரண்டு, பேட்டரி, கொஞ்சம் ஒயர் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது டார்ச் என்றாலே எல்இடிதான், இழை உள்ள பழைய பல்பைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் வேடிக்கை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரியாது. ஒன்று கொஞ்சம் மங்கலாக இருக்கும். "பாத்தீங்களா டீச்சர், ரெண்டாவது கம்மியாதான் எரியுது" என்று அந்தப் பையன் கத்துவான். பயப்படாதீர்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், அவன் கையாலேயே. மங்கலான பல்பு முதல் இடத்துக்கு வந்தும் மங்கலாகவே எரியும். வித்தியாசம் பல்பில் இருக்கிறது, வரிசையில் இல்லை என்று அவனே சொல்லிவிடுவான். சிமுலேஷனில் எல்லா பல்பும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருப்பதால் இந்த அருமையான குழப்பம் அங்கே வராது. திரையும் மேசையும் இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாற்பது பிள்ளைகளின் விடையை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அச்சிட்ட அட்டை, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் ஒரு செல்போன் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துவிடும். பிள்ளைகளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பின்பெஞ்சில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விடையும் உங்களுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களில் இயற்பியல் வகுப்பில் செய்தது ஏறக்குறைய இதுதான்: கேள்வி, வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு. செயலி சரிவராவிட்டால் நான்கு வண்ண அட்டை போதும். வேலை செய்வது கேள்விதான்.

இனி உங்கள் படிப்புக்கே வருகிறேன். பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். ஐந்தாறு நிமிடம், தோழிகளே மாணவர்கள், ஒரு திறனுக்கு ஒரு பாடம். அது 1963இல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் சகாக்களும் தொடங்கியது. அதன் உயிரே வீடியோப் பதிவு. பயிற்சி ஆசிரியர் ஒரு சின்னப் பாடம் எடுப்பார், பதிவில் தன்னையே பார்ப்பார், திருத்திக்கொண்டு மறுபடி எடுப்பார். அன்றைக்கு அந்தக் கருவி பெரும் செலவு. இன்று ஒவ்வொரு பி.எட். மாணவியின் கைப்பையிலும் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில் நுண்ணிலைக் கற்பித்தல் ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் எழுதுவதோடு முடிந்துபோகிறது. கருவி கைக்கு வந்த காலத்தில் நாம் பதிவை விட்டுவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

அதனால் நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் உங்கள் போனில் இருக்கும் குரல்பதிவு. ஒரு வகுப்பைப் பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிநாடாக்களை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் விடை வராவிட்டால் அடுத்த பிள்ளை, அல்லது தாங்களே விடை. அந்த ஒரு வினாடியை மூன்றாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். 1970களில் வந்த இந்த முடிவு இன்றைக்கும் வகுப்பறையில் புத்தம் புதிதாக இருக்கிறது. உங்கள் பதிவில் உங்கள் இடைவெளி எவ்வளவு, வகுப்பில் யார் பேசினார்கள், நீங்கள் எத்தனை முறை "புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது டீச்சர்" என்ற கோரஸை வாங்கிக்கொண்டு நகர்ந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்யவேண்டும். பிள்ளைகள் முகம் வேண்டாம், குரல் போதும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். பிள்ளைகளை ரீல்ஸில் போடும் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம்.

அந்த மூத்த ஆசிரியையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் வகுப்பில் அனுமதி கேட்டு பின்பெஞ்சில் உட்காருங்கள். மின்சுற்றை அவர் எப்படி வரைகிறார் என்று பாருங்கள். முதலில் மின்கலம், பிறகு கம்பி, நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி, பிறகுதான் பல்பு. பிள்ளைகள் அந்தக் கோட்டோடு கூடவே யோசித்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் ஸ்லைடில் முழுச் சுற்றும் ஒரே சொடுக்கில் வந்து நின்றுவிடுகிறது. ஸ்மார்ட் போர்டில் முதல் சில வகுப்புகளுக்கு பிபிடியே வேண்டாம், வெற்றுத் திரையில் விரலால் எழுதிப் பழகுங்கள். அவருக்குத் தொழில்நுட்பம் என்றால் வருகையும் திட்டங்களும் பதிவேற்றும் வேலையாகவே வந்து சேர்ந்திருக்கிறது. கற்பிக்க உதவும் பொருளாக அதை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் சலிப்பில் நியாயம் இருக்கிறது. உங்கள் சிமுலேஷனை ஒருநாள் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். அதை வைத்து என்ன கேள்வி கேட்கலாம் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரா, போர்டா என்று தேர்ந்தெடுக்கும் அவசியமே உங்களுக்கு இல்லை.

பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி, பிறகு தொடக்கப் பள்ளி வரைக்கும் ஸ்மார்ட் வகுப்பறை. பாடநூலின் பல பாடங்களின் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கமே உண்டு. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்கு அடையாளம் இல்லை. கருவி போய்ச் சேர்ந்தது, அதை வைத்துப் பாடம் எப்படி நடத்துவது என்பது போய்ச் சேரவில்லை.

சாட்ஜிபிடியிடம் லெசன் பிளான் வாங்காதீர்கள். பாடத்தைத் திட்டமிடும்போதுதான் ஆசிரியர் உருவாகிறார். அந்த உழைப்பை இழந்தால் ரெக்கார்டு மட்டும் மிஞ்சும். ஆனால், "பக்க இணைப்பில் பிள்ளைகள் என்னென்ன தவறாக நினைப்பார்கள்?" என்று கேட்டுப்பாருங்கள், "அந்தத் தவறை வெளிப்படுத்தும் கேள்வி ஐந்து கொடு" என்று கேளுங்கள். வருவதில் சில குப்பையாக இருக்கும், இயற்பியலே தப்பாகவும் இருக்கும். கலைச்சொற்களைப் பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். உங்கள் பாட அறிவு அங்கேதான் சோதிக்கப்படும். கூடவே யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்யப் பழகிவிடுங்கள், தமிழ் 99 விசைப்பலகை சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த ஸ்லைடு பள்ளிக் கணினியில் குறியும் கோடுமாகத் தெரிந்து தவிக்கும் பயிற்சி ஆசிரியர்களை இன்றும் பார்க்கிறேன்.

அடுத்து பக்க இணைப்புதான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். மின்கலத்தோடு ஒரு பல்பு எரிகிறது, பக்க இணைப்பில் இன்னொன்றைச் சேர்க்கிறோம், மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று கேளுங்கள். அதே 9 வோல்ட், 10 ஓம் என்றால் 0.9 ஆம்பியர் 1.8 ஆக வேண்டும். வாக்கு எப்படி விழுந்தது, விவாதத்துக்குப் பிறகு எத்தனை பேர் மாறினார்கள், மாறாதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.