கூட்டம் வடிந்த ஆற்றங்கரை

கேள்வி: இலையுதிர்காலக் கடைசியில், கூட்டமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஆற்றங்கரை முகாமில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்க ஆசை. குளிரை நினைத்தால்தான் பயம். தண்ணீரை ஒட்டியே டென்ட் போடலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் தண்ணீரை ஒட்டி மட்டும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும், அந்தப் பகுதியிலேயே பெரிய பள்ளம் ஆறுதான். போதாக்குறைக்கு ஆற்று நீரில் கோடையின் வெதுவெதுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்று பட்டதும் மூடுபனியாகிவிடும். விடியற்காலையில் அது தண்ணீர் மேல் நகர்வதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம், சரி, அதற்குள்ளேயே படுக்க வேண்டுமா என்ன? நான் ஒருமுறை படுத்தேன். காலையில் செருப்பிலிருந்து தலையணை வரை எல்லாமே ஈரம்.

சற்று மேடான இடமாகப் பாருங்கள். எங்கோ மேலே மழை பெய்து ஆறு ஏறினாலும் பயமிருக்காது. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கிறதா என்றும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பலரும் விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, அதற்கடியில் போடும் விரிப்பில் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். உடம்புக்கு அடியில் நசுங்கிய பேக்கின் பஞ்சில் காற்று நிற்காது, காற்று இல்லையென்றால் கதகதப்பும் இல்லை, தரை பாட்டுக்குச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காசு போதவில்லையா? முதலில் விரிப்பை வாங்குங்கள்.

கேள்வி: மழையே இல்லாத இரவிலும் டென்டின் உட்புறம் நனைந்துவிடுகிறது. ஒழுகுகிறதா?

பதில்: இல்லை, அது உங்கள் மூச்சு. குளிர்கிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள். மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வையுங்கள்.

கேள்வி: படுக்கும் முன் டென்டுக்குள் கொஞ்ச நேரம் கேஸ் அடுப்பை எரியவிட்டால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம், கரித்தணலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெந்நீரை நல்ல மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிக் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வைத்து எரிக்கும் அடுப்புக்கும் ஒன்று: வெறும் பியூட்டேன் வாயு நிரப்பிய குப்பி உறைநிலைக் குளிரில் சரியாக எரியாது, புரொப்பேன் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சீசன் முடியும்போது முகாமில் குழாய்த் தண்ணீரை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்? ஆள் குறைவு என்பதாலா?

பதில்: அதுவும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடித்துவிடும், அதனால் முன்கூட்டியே வடித்துவிடுவார்கள். கழிப்பறையையும் பூட்டியிருக்கக்கூடும், கிளம்பும் முன் விசாரியுங்கள். ஆற்று நீர்தான் என்றால் தெளியவைத்து, கொதி வந்தபின் 1 நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

கேள்வி: சீக்கிரமே இருட்டிவிடுமே, அத்தனை நேரம் என்ன செய்வது?

பதில்: தூங்குங்கள்.