சாக்கோ போர் தெரியுமா?

கேள்வி: 'இப்படி ஒரு போர் நடந்ததே தெரியாதே' என்று படிக்கும்போது உங்களை உலுக்கியது எது?

பதில்: சாக்கோ போர். 1932 முதல் 1935 வரை தென் அமெரிக்காவின் பொலிவியாவும் பராகுவேயும், எண்ணெய் இருக்கும் என்ற நம்பிக்கையில், முட்புதர் மண்டிய கிரான் சாக்கோ சமவெளிக்காக மோதிக்கொண்டன. சரி, ஏதோ எல்லைத் தகராறு என்று படிக்க ஆரம்பித்தால் மனசு கனத்துவிடுகிறது. ஆண்டிஸ் மலைக் குளிரில் வளர்ந்த ஐமாரா, கெச்சுவா பழங்குடி விவசாயிகளைக் கொண்டுவந்து அந்த வெயிலில் இறக்கியது பொலிவியா. குண்டு மட்டுமல்ல, தாகமும் நோயும் கொன்றன. பொக்கெரோன் கோட்டை முற்றுகையில் உள்ளே சிக்கிய பொலிவிய வீரர்களுக்கும் தண்ணீர்ப் பஞ்சம், வெளியே சூழ்ந்து நின்ற பராகுவே வீரர்களுக்கும் லாரியில் வந்தால்தான் தண்ணீர். இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். 1938 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலம் பராகுவேக்குப் போனது. பொலிவியாவின் கதையை அப்புறமும் விடாமல் படியுங்கள். 1952 புரட்சிக்கான கோபம் இந்தப் பதுங்குகுழிகளில்தான் மூண்டது.