ஓரம் மடிக்காத ஐந்து கவுன்கள்

கேள்வி: எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன். வீட்டில் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், மாமியார். 1940, 50களில் பெண்கள் போட்ட மாதிரி கவுன்கள் தைப்பதில் எனக்குக் கொள்ளை ஆசை. எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் ஒரு மணி வரை தைப்பேன். காலையில் யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. மெஷினைத் தினமும் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து கவுன்கள் முடிந்து அலமாரியில் தொங்குகின்றன. அடி ஓரம் மட்டும்தான் பாக்கி. தரையிலிருந்து அளந்து குறிக்க இன்னொரு ஆள் வேண்டுமே. கணவர், மகன் பேன்ட்டெல்லாம் வாங்கிய அன்றே மடித்து அடித்துக் கொடுத்துவிடுவேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நேரம்தான் இல்லை. நேரத்தை எப்படி உண்டாக்குவது? இல்லை, பிள்ளைகள் வளரும்வரை மெஷினை விற்றுவிட்டு சும்மா இருப்பதா?

பதில்: நேரம் இல்லை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஐந்து கவுன் தைத்து முடித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தக் காலத்துக் கவுன் லேசான வேலை இல்லை. துணி வெட்ட வைத்துக்கொள்ளும் காகித மாதிரிதான் பேட்டர்ன்; இன்றைய உடம்புக்குப் பழைய பேட்டர்னின் சைஸ் பொருந்தாது, மலிவான துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துத்தான் நல்ல துணியில் கத்திரியை வைக்க முடியும். உடம்பின் வளைவுக்கு ஏற்பத் துணியைக் கூராக மடித்துத் தைக்கும் டாட் பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் ஜிப் வைக்க வேண்டும், கொக்கியெல்லாம் கையால் தைக்க வேண்டும். இவ்வளவையும் ஐந்து தடவை செய்தவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆகவே நேரத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

"இன்னொரு ஆள் வேண்டுமே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. ஏம்மா, வீட்டில் உங்களைத் தவிர நாலு பேர் இருக்கிறார்கள். எந்த ஆள் வேண்டும் உங்களுக்கு?

தைக்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பிரல்லா கட் பாவாடையைத் தைத்தவுடன் ஓரம் மடிக்கக் கூடாது. குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். துணி கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குக் குறுக்குச் சாய்வாக விழும் இடங்கள் தன் எடையிலேயே இழுத்துக்கொண்டு இறங்கும். முழு வட்டமாக இருந்தால் நாலு இடத்தில் இறங்கும். அப்புறம் அதைப் போட்டுக்கொண்டு, எந்தச் செருப்போடு போடப் போகிறோமோ அதையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, தரையில் ஸ்கேலை நிறுத்தி, ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். போட்டிருப்பவரே குனிந்து குறிக்க முடியாது. குனிந்தால் பின்பக்கம் ஏறும், முன்பக்கம் இறங்கும், குறித்ததெல்லாம் கோணலாகிவிடும். தையலில் மற்ற எல்லாவற்றையும் தனியாகச் செய்துவிடலாம். இந்த ஒரு வேலைக்கு வேறொருவர் உங்கள் காலடியில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு மறுத்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மறுத்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். ஆனால் மகனுடைய பேன்ட்டுக்கு நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து குண்டூசி குத்துகிறீர்கள். கணவர் கண்ணாடி முன்னால் நிற்க, அவருக்கும் குத்துகிறீர்கள். அதுவும் வாங்கிய அன்றே. அவர்களுக்கு அவசரம், உங்களுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை!

இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குடும்பத்துக்குச் செய்வது கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. குடும்பத்திடம் கேட்டு வாங்குவதும் அதே அளவுக்குக் கடமை. செய்வதற்கு இடமே கொடுக்காமல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறவருடைய வீட்டில், மற்றவர்களுக்கு அவருக்காக எதையும் செய்யத் தெரியாமலே போய்விடும். உங்கள் மகன் ஒன்பது வயதிலேயே அம்மா என்றால் கீழே உட்காருகிறவள் என்று பழகிவிட்டான். மகள், ஆசைப்பட்டதை ஊர் தூங்கிய பிறகு ஒளித்துச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

ரப்பர் பந்தை அமுக்கினால் சாக்பீஸ் பொடியை ஊதிக் கோடு போடும் ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. தைக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆள் இல்லாமல் தனியாக இருப்பவர்களுக்கு அது அருமையான பொருள். உங்கள் வீட்டுக்குள் அது வரக் கூடாது.

அதே மாதிரி, உடனே மகளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அவள் வருவாள், ஆசையாகவும் செய்வாள். ஆனால் இது பெண்களுக்குள் முடிகிற வேலையாகிவிடும். கணவரைக் கூப்பிடுங்கள். இத்தனை வருடம் எத்தனை பேன்ட் மடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்! "இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஓரம் குறித்துக் கொடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். "உங்களுக்கு டைம் இருந்தால்" என்று இழுக்காதீர்கள். அவருக்கு முட்டி வலி என்றால், ஆடாத மேசையாகப் பார்த்து நீங்கள் ஏறி நில்லுங்கள், அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து குறிக்கட்டும். முதல் கவுனில் ஒரு இடத்தில் கால் இன்ச் ஏறும், இன்னொரு இடத்தில் இறங்கும். கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்காதீர்கள். கவுனைக் கழற்றி மேசையில் விரித்து, கோட்டைச் சீராக்கிக்கொள்ளுங்கள்.

இரவுத் தையல் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால், அந்தக் கவுனுக்கான விலையை அவர்களிடம் வாங்குகிறீர்கள். கவுன் இருப்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. இது நியாயமா? பத்தரைக்கு மேல் ஊசியைத் தொடாதீர்கள்.

பகலில் செய்ய முடியாதா என்றால், முடியும். ஹெம்மிங், கொக்கி, பிரஸ் பட்டன், பிசிறு பிரியாமல் ஓரத்தைக் கையால் சுற்றித் தைப்பது எல்லாம் மடியில் வைத்துச் செய்கிற வேலை. எல்லோரும் இருக்கிற கூடத்தில், பேச்சுக்கு நடுவே செய்யலாம். உங்கள் மாமியாருக்குக் கை ஹெம்மிங் தெரியுமா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? வெட்டுவதற்குத்தான் இடமும் நிதானமும் வேண்டும். விடுமுறை நாள் காலையில் தரையில் விரித்து வெட்டுங்கள். துணியின் மறுமுனையைப் பிடிக்க மகளைக் கூப்பிடுங்கள், இங்கே கூப்பிடலாம். மெஷினுக்கு ஒரு நிரந்தர மூலையை ஒதுக்குங்கள். எந்த மூலை என்று வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்காமல் ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தால் மறுபடியும் பழைய கதைதான்.

நீங்கள் ஆசைப்படுகிற உடைகள் பிறந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது, 1949 வரை நீடித்தது. 1943-ல் பழைய உடையைச் சரிசெய்து போட்டுக்கொள்வது எப்படி என்று அரசாங்கமே கையேடு போட்டது, அதற்கு வகுப்புகளும் நடந்தன. குண்டு விழுகிற காலத்தில், வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்த பெண்கள், பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே தைத்தார்கள். 1947-ல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மீட்டர் மீட்டராகத் துணியை அள்ளிப் போட்டு அகலப் பாவாடையைக் கொண்டுவந்தபோது ஊரே கண்ணை விரித்ததற்குக் காரணம் அத்தனை வருடத் துணிப் பஞ்சம். அந்தப் பாவாடையின் அழகு நடக்கும்போதுதான் தெரியும். உங்களுடைய ஐந்தும் ஹேங்கரில் தொங்குகின்றன.

மெஷினை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது அதற்குப் பதில் கிடையாது. ஐந்துக்கும் கணவர் ஓரம் குறித்து, நீங்கள் மடித்து அடித்து, ஒன்றையாவது போட்டுக்கொண்டு வீட்டாரோடு வெளியே போய்விட்டு வாருங்கள். அதற்கப்புறமும் விற்கத் தோன்றினால் விற்றுவிடுங்கள்.