ஈரப்பதம் 90 காட்டியும் ராஜாக்கமங்கலத்தில் மழை வராதது ஏன்?

ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மழை வாய்ப்பும் 90 சதவீதம் என்று அர்த்தம் இல்லை. குமரி மாவட்டக் கடற்கரை ஊரான ராஜாக்கமங்கலத்தில், போனில் 90 என்று பார்த்து, காயப்போட்ட கொப்பரைக்கு நீங்கள் தார்ப்பாய் போட்டும் சொட்டு விழாததற்குக் காரணம் இதுதான். தரையருகே இருக்கும் காற்று அந்த வெப்பநிலையில் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். விடிகாலையில் காற்று குளிர்ந்தாலே போதும், நீராவி கூடாமலே எண் ஏறிவிடும்.

மழைக்கு அந்தக் காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். ஜூலையில் உங்கள் கடற்கரையில் அதை ஏற்றிவிட மலை இல்லை. பேச்சிப்பாறைப் பக்கம் அதே காற்று மலையில் முட்டி ஏறுகிறது, அங்கே கொட்டுகிறது. ஒரு பகுதி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஓடிவிடும், காற்றாலைக்காரர்களுக்குத்தான் லாபம்.

இப்படிப் பாருங்கள்:

1. வானிலை வரைபடத்தில் தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையுள்ள மொத்த நீராவியை மி.மீ.யில் பாருங்கள். வெப்பமண்டலக் கடல்களின் மேல் அது ஏறக்குறைய 60ஐ நெருங்கும்போதுதான் மழை சட்டென்று கூடும்.

2. மேகம் தட்டையாக, தாழ்வாக ஓடினால் பெரும்பாலும் தூறலோடு சரி. அடி கறுத்துக் கோபுரம்போல வளர்ந்தால் மூடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மலைக் கணக்கை நம்ப வேண்டாம். குமரிக்கடலில் தாழ்வுநிலை வந்தால் காற்றை ஏற்றிவிட மலையே தேவையில்லை, கடற்கரையிலும் கொட்டும்.

அப்புறம், மழை இல்லாவிட்டாலும் 90 சதவீத ஈரத்தில் கொப்பரை காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். உலர்த்தும் கருவி (டிரையர்) இருந்தால் அதில் போடுங்கள்.