வந்தான், வந்தாள் – கடிதமும் பதிலும்

அண்ணா,

உங்க இசைக் கட்டுரை எல்லாம் விடாம படிக்கறவன். வயசு 24. நான் கே, அதாவது ஆம்பளைங்க மேல ஆசைப்படற ஆம்பளை. வீட்ல தெரியாது, ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் தெரியும். மெட்டல், கன்ட்ரி, ராப், கொஞ்சம் வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேட்பேன். கே ஆண்கள் பாடினது, அவங்களுக்காகப் பாடினதுன்னு எங்க தேடினாலும் அதே டிஸ்கோ, அதே டான்ஸ் பாப், அதே பத்துப் பேர். மினுக்கு டிரெஸ்ஸும் கீச்சுக் குரலும் எனக்கு ஒத்து வரலை. மத்த இசை வகையில யாருமே இல்லையா? எந்த ஆப்ல தேடினா கிடைக்கும்? இதை ஒரு ஃப்ரெண்ட் கிட்ட கேட்டா, "இசைக்கு ஏதுடா ஆண் பெண், நல்ல பாட்டு எல்லாருக்கும் பொது"ங்கறான். அதுவும் சரிதானோன்னு தோணுது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

"லிஸ்ட் குடுங்க"ன்னு வர்ற மெயிலுக்கு நான் பதில் போடறதில்லை. ஆனா உன்னுது வந்த ராத்திரி நான் கேட்டுட்டு இருந்ததே ஒரு கன்ட்ரி ஆல்பம்தான். கன்ட்ரின்னா அமெரிக்க கிராமத்துப் பாட்டு வகை. ஆல்பம் பேர் லாவெண்டர் கன்ட்ரி, 1973, அமெரிக்காவுல சியாட்டில். பேட்ரிக் ஹேகர்ட்டின்னு ஒரு பால்பண்ணைக்காரர் பையன், ஃபிடில் கிட்டார் எல்லாம் வெச்சு அசல் கன்ட்ரி மெட்டுல, ஆம்பளை ஆம்பளையைக் காதலிக்கறதை ஒளிவுமறைவு இல்லாம பாடியிருப்பார். போட்டது ஆயிரமே ஆயிரம் எல்பி ரெக்கார்டு. அதோட அவர் பாட்டு வாழ்க்கை முடிஞ்சுதுன்னே எல்லாரும் நினைச்சாங்க, அவரும் நினைச்சார். வயசானவங்க இல்லத்துல பழைய பாட்டு பாடிட்டு இருந்த மனுஷனை 2014ல ஒரு கம்பெனி தேடிப் பிடிச்சு அந்த ஆல்பத்தைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. அப்புறம் எட்டு வருஷம் மேடை ஏறினார், 2022ல போயிட்டார். உனக்கு கன்ட்ரி இங்க இருக்கு, எடுத்துக்கோ.

மெட்டலா? ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்ட் கேட்டிருப்பே, அதோட பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தான் கேன்னு 1998லயே டிவியில சொல்லிட்டார். சினிக்னு இன்னொரு மெட்டல் பேண்ட்ல ரெண்டு பேர் 2014ல அதையே சொன்னாங்க. இதெல்லாம் நீயே ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிக்கற விஷயம், இதுக்கு நான் வேணாம்.

இப்ப திட்டு. "மினுக்கு டிரெஸ்ஸும் கீச்சுக் குரலும்"னு எழுதியிருக்கே பாரு, அந்த வரியைப் படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு. 1979 ஜூலை 12, சிகாகோவுல ஒரு பேஸ்பால் மைதானத்துல ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல டிஸ்கோ ரெக்கார்டுகளை ஒரு பெட்டியில அடைச்சு வெடி வெச்சாங்க. கூட்டம் உள்ள குதிச்சு ரகளையாகி ரெண்டாவது மேட்ச்சே நடக்கலை. வெறும் மியூசிக் பிடிக்காததால ஒருத்தன் வெடி வெக்க மாட்டான் தம்பி. அது யாரோட மியூசிக்ன்னு அவங்களுக்குத் தெரியும். நீ கீச்சுக் குரல்னு சொல்ற டிஸ்கோ பாடகர்கள்ல ஒருத்தர் சில்வெஸ்டர், சின்ன வயசுல சர்ச்சுல காஸ்பல்ங்கற பக்திப் பாட்டு பாடி வளர்ந்தவர், 1978ல வந்த அவரோட பெரிய ஹிட் "யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)"ஐ ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளு, அது டான்ஸ் பாட்டு இல்லை, சாமி வந்து பாடற பாட்டு. அதுல சிந்தசைசர் வாசிச்ச பேட்ரிக் கௌலி 1982ல எய்ட்ஸ்ல போனார், என்ன நோய்னு டாக்டர்களுக்கே சரியா பிடிபடாத நேரம். சில்வெஸ்டர் 1988ல. ராயல்டியை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவற அமைப்புகளுக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். பிடிக்கலைன்னா கேட்காதே, அது உன் இஷ்டம். ஆனா வீட்ல மாமா யாரோ சொல்ற தொனியில சொல்லாதே. அந்தத் தொனி உனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசி, உன்னைத் தூக்கத்துல கூட பயமுறுத்தற அதே இடத்துலேர்ந்துதான் வந்திருக்கும். சரி, போதும், முகத்தைத் தொங்கப் போட்டுக்காதே. எனக்கும் உன் வயசுல இப்படித்தான் இருந்துச்சு.

நிஜமா என்னைப் பதில் எழுத வெச்சது உன் ஃப்ரெண்ட் சொன்ன வரி. "இசைக்கு ஏது ஆண் பெண்." கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த "எல்லாருக்கும் பொது"ங்கறது எப்படித் தயாராகுதுன்னு சொல்றேன் கேளு.

மைக்கேலாஞ்சலோ, அதான் சிற்பி, கவிதையும் எழுதினவர். அதுல பல காதல் கவிதை தொம்மாசோ கவாலியேரிங்கற ஒரு இளைஞனுக்கு எழுதினது. 1623ல அவரோட தம்பி பேரன் புஸ்தகமா போட்டப்ப என்ன பண்ணினான் தெரியுமா, "அவன்" வர்ற இடத்துல "அவள்"னு மாத்திட்டான். அவ்வளவுதான், கவிதை எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு. திரும்ப "அவன்" வந்தது 1863ல. கணக்குப் போட்டுப் பாரு, 240 வருஷம்! 1940ல பெஞ்சமின் பிரிட்டன்ங்கற ஆங்கிலேய இசையமைப்பாளர் அந்தக் கவிதைகள்ல ஏழை எடுத்து இசை அமைச்சார், பாட வேண்டியது பீட்டர் பியர்ஸ்ங்கற டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல்ல பாடறவர், பிரிட்டனோட வாழ்க்கைத் துணை. 1942ல லண்டன்ல ரெண்டு பேரும் மேடை ஏறி, ஒருத்தர் பியானோவுல, ஒருத்தர் பக்கத்துல நின்னு, ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளைக்கு எழுதின காதலை இத்தாலிய மொழியில பாடினாங்க. அன்னிக்கு இங்கிலாந்து சட்டப்படி அவங்க வாழ்ந்த வாழ்க்கைக்கு ஜெயில். கேட்டவங்க கை தட்டினாங்க. கிளாசிக்கல் கேட்டியே, இதைவிட என்ன வேணும்.

இதைச் சொல்றதுக்கு எனக்குத் தகுதி இல்லைங்கறதையும் சொல்லிடறேன். எனக்கு 19 வயசு, கூடப் படிச்சவன் ஒருத்தன் பாட்டு எழுதுவான், எனக்குக் குரல் இருந்துச்சு. ஒரு சின்னக் கூட்டத்துல பாட ஒரு பாட்டு கொடுத்தான், பல்லவியோட கடைசி வார்த்தை "வந்தான்". மழையில ஒருத்தன் வர்றான், பாடறவன் ஜன்னல்கிட்ட காத்துட்டு இருக்கான், அவ்வளவுதான் பாட்டு. பேப்பர்ல அந்த "ன்" மேல மட்டும் பேனாவை ரெண்டு தடவை ஓட்டி அழுத்தி எழுதியிருந்தான். நான் மேடையில, நாப்பது பேர் முகத்தைப் பார்த்துட்டு, "வந்தாள்"னு பாடிட்டேன். யாரும் சொல்லித் தரலை, தானா வாய் மாத்திடுச்சு. நம்ம மொழியில ஒரு எழுத்துதான், தாளம் கூட இடிக்காது. பக்கத்துல கிட்டார் வாசிச்சுட்டு இருந்தது அவன்தான், அவன் கை ஒரு அடி லேட்டா விழுந்துச்சு. மூணு தடவை பல்லவி வந்துச்சு, மூணு தடவையும் "வந்தாள்", மூணு தடவையும் அவன் லேட்டு. இறங்கினதும் "நல்லா பாடினே"ன்னான். எல்லாரும் அதையேதான் சொன்னாங்க, பிரமாதமான காதல் பாட்டுன்னு. அதுக்கப்புறம் அவன் எழுதின எதையும் எனக்குக் காட்டலை. அவனைப் பத்தி எனக்குத் தெரியும் ஆர், என்னைப் பத்தியும் எனக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுதான் பாடினேன்.

அதனால உன் ஃப்ரெண்ட் கிட்ட சொல்லு, பொதுவான பாட்டுன்னு அவன் நினைக்கறதுல பாதி இப்படி ஒரு எழுத்து மாத்தினதா இருக்கும். இல்லைன்னா "நீ"ன்னு பாடித் தப்பிச்சதா இருக்கும். "நீ"ல ஆண் பெண் தெரியாது இல்லையா. அப்படிப் பாடினவங்களைக் கோழைன்னு சொல்ல மாட்டேன், வேலை போகும், ஜெயில் வரும். ஆனா அந்த "நீ"யைக் கேட்கறப்ப யாரைன்னு தேடற காது உனக்கு இருக்கு, அது குறுகின காது இல்லை. அதை விட்டுடாதே.

ஜூலியஸ் ஈஸ்ட்மேனைச் சொல்லாம விட்டா தூக்கம் வராது. கருப்பினத்தவர், இசையமைப்பாளர், 1979லயே தன்னோட படைப்புக்கு "கே கொரில்லா"ன்னு பேர் வெச்சவர், குரங்கு இல்லை, மறைஞ்சிருந்து தாக்கற போராளி. வீட்டைக் காலி பண்ண வெச்சப்ப அவர் இசை எழுதி வெச்ச தாள் எல்லாம் தெருவுக்குப் போச்சு. 1990ல செத்தார், பேப்பர்ல செய்தி வரவே எட்டு மாசம் ஆச்சு. மேரி ஜேன் லீச்னு இன்னொரு இசையமைப்பாளர் 1998லேர்ந்து பழைய டேப்பா தேடித் தேடிச் சேர்த்து 2005ல மூணு சிடியா வந்துச்சு. அதுல "கே கொரில்லா"வைக் கேளு, நாலு பியானோ, அரை மணி நேரம், நடுவுல எழுந்து போகாதே.

ஆப் எதுன்னு கேட்டிருந்தே இல்ல, மறந்தே போயிட்டேன். போன்ல இருக்கறது எதுவோ அதுவே போதும். டேக் போட்டுத் தேடாதே, ஆளைப் பிடி, அவன் கூட யார் வாசிச்சான்னு பாரு, சில்வெஸ்டரைப் பிடிச்சா கௌலி வருவார், அப்படியே போ.

ராப்புக்கு வேற ஒண்ணும் எழுதலை. ராப்புக்கும் ஆர் அண்ட் பிங்கற இன்னொரு பாட்டு வகைக்கும் நடுவுல நிக்கற ஃப்ராங்க் ஓஷனோட 2012 ஆல்பத்துல, ஒருத்தன் டாக்ஸி டிரைவர் கிட்ட புலம்பற மாதிரி ஒரு பாட்டு வரும். அவர் அதுல ஒரு எழுத்தையும் மாத்தலை. "அவன்" எந்த இடத்துல வருதுன்னு கேட்டுட்டு எனக்கு எழுது.