பெலிம்பிங் போட்ட தண்ணீர்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 58. பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு. கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன முறை அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார்கள். சிராப், தே தாரிக் எல்லாம் விடவேண்டும் என்று என் மகள் கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை, வெள்ளரி, புதினா போட்டு இரவு முழுக்க ஊறவைத்துக் கொடுக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) மரம் இருக்கிறது. அதையும் நான் வெட்டிப் போடுகிறேன். பார்க்க நட்சத்திரம் மாதிரி அழகாக இருக்கும். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டையும் மென்றுவிடுவார். நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகிறது. ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகிறார். இது உடம்பு நஞ்சை எல்லாம் கழுவிவிடும், கிட்னிக்கு நல்லது என்கிறாள் மகள். செம்பு ஜாடியில் ஊறவைத்தால் இன்னும் நல்லது என்கிறார் மாமியார். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்தத் தண்ணீர் நல்லதா? எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: அம்மா, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். பெலிம்பிங்கை இன்றைக்கே நிறுத்துங்கள். ஜாடியில் இப்போது இருக்கிற தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் "கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கிறது" என்ற வரிக்குக் கீழேயே பெலிம்பிங் வந்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தப் பழத்தில் காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து 2013இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் ஒரு பழம் சாப்பிட்டால் அது சிறுநீரோடு போய்விடும், ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி மூளைக்குப் போகிறது. முதலில் விக்கல் வரும், மணிக்கணக்கில் நிற்காத விக்கல். பிறகு வாந்தி, கை கால் தளர்ச்சி, மனக் குழப்பம், வலிப்பு. உயிர் போனதும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் சிலருக்கு அரைப் பழமே போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், விடாத விக்கலோடு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் வயிற்றுப் புண்ணா, மாரடைப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தோம். டயாலிசிஸ் பகுதியில் பல வருடம் வேலை செய்த ஒரு தாதி அந்தப் பக்கமாக வந்தவர், "ஐயா, பெலிம்பிங் சாப்பிட்டீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பெரியவர் தலையாட்டினார். உடனே டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். சிறுநீரக நோயாளிக்கு விக்கல் என்றால் இன்றுவரை நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

உங்கள் கணவருக்குச் சிறுநீரகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இலேசான தளர்ச்சியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பழத்தில் ஆக்சலேட் என்ற உப்பும் அதிகம். அது சிறுநீரகத்துக்குள் படிகமாகப் படியும். வெறும் வயிற்றில் பெலிம்பிங் ஜூஸ் நிறையக் குடித்து, அதுவரை நல்ல சிறுநீரகத்தோடு இருந்தவர்களுக்கே திடீரென்று கெட்டுப்போயிருக்கிறது. சாம்பால் துவையலில் போடும் புளிப்புக் காயான பெலிம்பிங் பூலோவும் இதே குடும்பம்தான். கொலஸ்ட்ரால் குறையும் என்று அதைச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தண்ணீரில் ஊறும் துண்டில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அவர் துண்டையே மெல்கிறார். இன்றிலிருந்து அவருக்கு விக்கலோ தடுமாற்றமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், பெலிம்பிங் சாப்பிட்டார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி, கழுவும் சமாச்சாரம். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. பாக்கி வேலையைக் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. ஒரு ஜாடித் தண்ணீரில் மிதக்கிற நாலு எலுமிச்சை வட்டம் இதற்கு மேல் என்னத்தைக் கழுவப்போகிறது? வைட்டமின் சி கிடைக்குமே என்பார் மகள். ஒரு முழு எலுமிச்சையின் சாற்றிலேயே 20 மில்லிகிராம்கூடத் தேறாது. பாசாரில் கிடைக்கும் கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமினுக்கு வெட்டித் தின்பதுதான் வழி. அசாம் போய், அதாவது உப்பில் ஊறிய உலர்ந்த பிளம், அதன் பொடியில் மட்டும் தொட்டுக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் உப்பு, கொதிப்புக்காரருக்கு ஆகாது. நம் ஊர்க் காப்பிக்கடை அம்பரா ஜூஸில் போடுகிற அசாம் போயும் அப்படித்தான்.

அப்படியானால் மகள் செய்வது வீணா என்றால், இல்லவே இல்லை. அவர் செய்தது நல்ல காரியம். சொன்ன காரணம்தான் தவறு. இந்தத் தண்ணீரின் முழுப் பலனும் அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 10 கிராம் போலச் சீனி இருக்கிறது. தே தாரிக்கில் அது எத்தனை கரண்டி விழுகிறது என்பது கலக்குகிறவர் கைவாகு. சிராப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் மலேசியாவில் 2023இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி போட்ட அரசாங்கம், 2025இல் அதை 90 சென்னாக ஏற்றியதற்கும் இதுதான் காரணம். கடையில் கலக்கிக் கொடுக்கிற தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அங்கே "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் கணவர் நாளைக்கு மூன்று இனிப்புக் கிளாஸை விட்டுவிட்டுப் புதினாத் தண்ணீருக்கு வந்திருந்தால், மகளுக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். அதற்காக மாத்திரை குறையாது. ரத்தத்தில் அளவு இறங்கிய பிறகு கிளினிக் டாக்டர் குறைத்தால்தான் உண்டு.

ஆனால் மூன்று லிட்டரும், ராத்திரி மூன்று முறை எழுவதும் எனக்கு உறுத்துகிறது. தண்ணீர் ருசியாக இருப்பதால் அவ்வளவு குடிக்கிறாரா, தாகம் அடங்காமல் குடிக்கிறாரா? ரத்தத்தில் சீனி ஏறினால் சிறுநீர் நிறையப் போகும். அதனால் தாகம் எடுக்கும், குடித்தால் மறுபடி போகும். இந்தச் சுற்றில் ருசியான தண்ணீர் கையில் கிடைத்தால் நோயின் அறிகுறி நல்ல பழக்கம் போலத் தோற்றம் காட்டிவிடும். அடுத்த தேதிவரை காத்திராமல் ஹெச்பிஏ1சி (சில மாதச் சீனியின் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் வீக்கமோ, படுத்தால் மூச்சு வாங்குவதோ இருந்தால் தண்ணீர் அளவையே குறைக்கச் சொல்வார்கள். பொதுவாக நம் சுகாதார அமைச்சு சொல்வது நாளைக்கு 6 முதல் 8 கிளாஸ் வெறும் தண்ணீர். வெயிலில் வேலை செய்கிறவருக்குக் கூடும். உங்கள் கணவருக்கு எவ்வளவு என்பதைச் சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாமியார் சொன்ன செம்பு. வெறும் தண்ணீருக்கு அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எலுமிச்சை போட்ட தண்ணீரை அதில் ஊற்றவே கூடாது. பூஜைச் செம்பைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறோம், பளபளவென்று ஆகிறது. எதனால்? புளிப்பு செம்பைக் கரைக்கிறது. ஜாடிக்குள் இரவு முழுக்க அதே வேலைதான் நடக்கும். அதைக் குடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு. கண்ணாடியே போதும்.

தண்ணீரில் மணம் ஏற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. பானையில் வெட்டிவேர் போட்டவர்கள் நாம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியும் ஏலக்காயும் இல்லாமல் இருக்குமா? தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை ஏறுகிற வழியில் பந்தல்களில் சிராப்பும் பானகமும் ஊற்றுகிறார்கள். வெயிலில் நடந்து வருகிறவருக்கு அமிர்தம்தான். ஆனால் பானகத்தில் வெல்லம் சேர்வதால் அதுவும் சீனிதான் என்பதை நம்மவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பந்தல் போடுகிற அன்பர்கள் ஒரு தொட்டியில் மட்டுமாவது செராயும் (எலுமிச்சைப் புல்) எலுமிச்சையும் ஊறிய, சீனி போடாத தண்ணீர் வைக்கலாம் என்று வருடாவருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்முறைக்கு வருவோம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். பழத்தை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். வெளிநாட்டு எலுமிச்சைத் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், அல்லது தோலைச் சீவிவிடலாம். நான் நம் சின்ன எலுமிச்சையான லிமாவ் கஸ்தூரியைத்தான் விரும்புவேன். நாலைந்தைக் குறுக்கே வெட்டி விதையை எடுத்துவிட்டால் போதும், விதை கசக்கும். வெள்ளரி ஏழெட்டு வட்டம். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் மணம் இறங்கும், கசக்கிப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். செராய்த் தண்டின் அடிப்பகுதியை அம்மிக்கல்லால் நசுக்கிப் போடுங்கள். பாண்டான் இலைக்குக் குளிர்ந்த தண்ணீர் போதாது. ஒரு முடிச்சு இலையை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்ற வேண்டும். சங்குப்பூ இருந்தால் ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நீலமாகும். எலுமிச்சை விட்டதும் ஊதாவாக மாறும். பேரப்பிள்ளைகளைச் சிராப்பிலிருந்து இழுக்க இதைவிட நல்ல தூண்டில் இல்லை.

இரவு முழுக்க மேசைமேல் ஊறவைப்பது வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் வெட்டிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வையுங்கள். நாலு மணி நேரத்தில் எலுமிச்சைத் துண்டுகளை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் தோலின் கசப்பு இறங்கும். 24 மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். தீரத் தீரப் பழைய துண்டின் மேலேயே தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் வேண்டாம். வழவழப்போ நுரையோ தெரிந்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்ட பாட்டிலும் அப்படியே.

பல்லையும் கவனியுங்கள். புளிப்பு பல்லின் மேல் உறையைக் கரைக்கும். நாள் முழுக்க மிடறு மிடறாக உறிஞ்சினால் பல் நாள் முழுக்கப் புளிப்பில் நனையும். எலுமிச்சைத் தண்ணீர் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், மற்ற நேரத்தில் வெள்ளரி, புதினா, பாண்டான் என்று மாற்றிக்கொள்ளலாம். குடித்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

ஜாடியில் சேர்க்கக் கூடாதவை இன்னும் ஒன்றிரண்டு. சீனப் பெருநாள் வந்தால் வீட்டுக்கு வீடு லிமாவ் பாலி வரும், நம் பம்பளிமாஸ்தான். கொலஸ்ட்ராலுக்கு அவர் எடுப்பது சிம்வாஸ்டாட்டினாக இருந்தால் அந்தப் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தசை வலியில் தொடங்கிச் சிறுநீரகம்வரை போகக்கூடிய தொல்லை. மருந்து அட்டையில் பெயரைப் பாருங்கள். மிசாய் கூச்சிங் (பூனை மீசை) இலையைக் கிட்னிக்கு நல்லது என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் உண்டு, சிறுநீரைப் பெருக்கும் குணமும் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். இளநீரும் பொட்டாசியம் நிறைந்ததுதான். ரிப்போர்ட் வரும்வரை அதையும் தள்ளிவையுங்கள்.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிறுநீரகத்தில் குறை இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழம் சாப்பிடலாம். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது, வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்கிறார்களா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.